கையும் நாற்காலியும்

ஜெராக்ஸ் கடைத் தம்பியின் சந்தேகம் ஒரு கூட்டல் குறியில் ஆரம்பித்தது.

யாரோ நகலெடுக்கக் கொடுத்த சிபாரிசுக் கடிதம். கீழே கையெழுத்துக்கு முன்னால் சின்னதாக ஒரு ‘+’. “மை ஒட்டின தடம்னு நினைச்சு வெள்ளை தடவி எடுத்துக் குடுத்துட்டேன் அண்ணாச்சி. அந்த ஆளு சண்டைக்கு வந்துட்டாரு. அது பிஷப் கையெழுத்தாம், பிளஸ் இல்லாம செல்லாதாம். சாமியாருக்கு எதுக்கு அண்ணாச்சி கணக்கு?”

மிஷன் பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் சரித்திரம் நடத்தியவனிடம் இப்படிக் கேட்டால் ஒரு டீயில் முடியாது. பெஞ்சில் உட்காரச் சொன்னேன்.

அது கணக்கு இல்லை, சிலுவை. பிஷப்மார்கள் பெயருக்கு முன்னால் சிலுவை போட்டுக் கையெழுத்திடுவது பழைய வழக்கம். இங்கிலாந்தில் இன்னும் ஒரு படி மேலே போவார்கள். குடும்பப் பெயரை விட்டுவிட்டு, ஊர்ப் பெயரைப் பழைய லத்தீன் சுருக்கத்தில் போடுவார்கள். கேன்டர்பரிக்காரர் ‘கேன்டுவார்’, டர்ஹம்காரர் ‘டுனெல்ம்’. சிலுவை, பெயர், ஊர். இந்த மூன்றில் முதலாவதும் கடைசியும் எப்படி வந்தன என்று தெரிந்தால் பிஷப் என்கிற பதவியே புரிந்துவிடும் என்றேன். அவன் டீயை ஆற்ற ஆரம்பித்தான்.

முதலில் பெயர்க் குழப்பம். கத்தோலிக்கர்களிடம் பிஷப் என்றால் ஆயர், அவருக்கு மேலே ஆர்ச்பிஷப் பேராயர். தென்னிந்தியத் திருச்சபையில், அதாவது சி.எஸ்.ஐ.யில், பிஷப்பே பேராயர். ஆகவே பேப்பரில் ‘பேராயர்’ என்று வந்தால் எந்தச் சபை என்று பார்க்காமல் தகுதியை எடை போடக் கூடாது. என் தாத்தா காலத்து ஆட்களுக்கு இரண்டும் இல்லை, ‘அத்தியட்சர்’தான். கத்தோலிக்கர் மறைமாவட்டம் என்பதை சி.எஸ்.ஐ.காரர் திருமண்டலம் என்பார்கள். ஆனால் இத்தனை பெயருக்கும் மூலமான கிரேக்கச் சொல் எபிஸ்கொபொஸ். ‘எபி’ என்றால் மேலே, ‘ஸ்கொபொஸ்’ என்றால் பார்ப்பவன். அது லத்தீன் வழியாகத் தேய்ந்து தேய்ந்து பிஷப் ஆயிற்று. தமிழ் வேதாகமத்தில் அதற்குப் போட்டிருக்கிற சொல் ‘கண்காணி’.

“கங்காணியா? எங்க ஆச்சி சிலோன் தோட்டத்துல கங்காணிக்குப் பயந்துதான் கொழுந்து பறிச்சாளாம்.”

அதே சொல்தான். தேயிலைத் தோட்டத்தில் அது ஒரு வழிக்குப் போயிற்று, வேதாகமத்தில் வேறு வழிக்குப் போயிற்று. அப்போஸ்தலர் நடபடிகள் 20-ஆம் அதிகாரத்தை எடுத்துப் பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். பவுல் எபேசு சபையின் மூப்பர்களை வரவழைக்கிறார். பேச்சின் நடுவே அதே ஆட்களைக் கண்காணிகள் என்கிறார். மூப்பரும் கண்காணியும் அங்கே இரண்டு பதவி இல்லை. ஆனால் இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தியோகியா இக்னேஷியஸ் எழுதிய கடிதங்களைப் பார்த்தால் நிலைமை மாறிவிட்டது. ஊருக்கு ஒரு பிஷப், அவரைச் சுற்றி மூப்பர்கள், உதவிக்கு டீக்கன்கள். அந்த மூன்று படிதான் இன்றுவரை ஆங்கிலிக்கன் சபையின் படி. நடுப்படிக்காரரைத்தான் நம் ஊரில் ஐயர் என்றும் குருவானவர் என்றும் சொல்கிறோம்.

இந்த மேல்படிக்கு ஏற இரண்டு காரியம் நடக்க வேண்டும். ஒன்று, கை. ஏற்கெனவே பிஷப்பாக இருக்கிறவர்கள் தலையில் கை வைத்து ஜெபிக்க வேண்டும். குறைந்தது மூன்று பேராவது வேண்டும் என்று 325-இல் நைசீயாவில் கூடிய சங்கம் விதி எழுதியது. அந்த மூவரின் தலையிலும் முன்னால் யாரோ கை வைத்திருப்பார்கள். இப்படியே பின்னோக்கிப் போனால் சங்கிலி அப்போஸ்தலர் வரை போகும் என்பது நம்பிக்கை. இன்னொன்று, நாற்காலி. லத்தீனில் கதீட்ரா. பிஷப்பின் நாற்காலி இருக்கிற கோயிலுக்குத்தான் கதீட்ரல் என்று பெயர். பெரிதாக இருப்பதாலோ கோபுரம் உயரமாக இருப்பதாலோ ஒரு கோயில் கதீட்ரல் ஆகிவிடாது. நாற்காலி ஒரு எல்லையைக் குறிக்கிறது, தாசில்தார் என்றால் எந்தத் தாலுகா என்று கேட்கிற மாதிரி. அந்த எல்லைக்கு இங்கிலீஷில் சொல்கிற டயோசிஸ் என்பதே ரோமப் பேரரசின் நிர்வாகப் பிரிவுக்கான சொல்தான்.

கை என்பது ஆளோடு ஒட்டியது. நாற்காலி ஊரோடு ஒட்டியது. சபைச் சரித்திரத்தில் நடந்த சண்டைகளில் பாதி, கை யாருடையது, நாற்காலியை யார் போடுவது என்பதில் வந்தவைதான்.

இங்கிலாந்தைப் பார். 597-இல் அகஸ்டின் கென்ட் கரையில் வந்திறங்கி கேன்டர்பரியில் நாற்காலி போட்டார். ரோமாபுரியோடு இருந்த கயிற்றை எட்டாம் ஹென்றி 1534-இல் அறுத்துக்கொண்டார். ஆனால் பிஷப்மார்களை அவர் ஒழிக்கவில்லை. கை சபையுடையதாகவே இருக்கட்டும், நாற்காலி என்னுடையது என்றார். அதற்கு அவர் செய்த ஏற்பாடு நம் ஊர்க் கூட்டுறவுச் சங்கக்காரர்களையே தோற்கடித்துவிடும். கதீட்ரல் குருமார்கள் கூடித் தங்கள் பிஷப்பைத் ‘தேர்ந்தெடுக்க’ அரசர் அனுமதிக் கடிதம் கொடுப்பார். அதே உறைக்குள் இன்னொரு கடிதமும் இருக்கும். தேர்ந்தெடுக்க வேண்டியவர் பெயர் அதில் எழுதியிருக்கும். வேறு ஆளைத் தேர்ந்தெடுத்தால் சொத்து பறிமுதல், சிறை. அந்தத் தேர்தல் சடங்கு இன்றும் நடக்கிறது. தண்டனைதான் போய்விட்டது. பெயரைச் சபையின் குழு ஒன்று முடிவுசெய்து அனுப்ப, பிரதமர் அதை அரண்மனைக்குக் கடத்திவிடுகிறார்.

இங்கிலாந்துச் சபையில் இப்போது 42 டயோசிஸ். அவற்றின் பிஷப்மார்களில் 26 பேருக்கு நாடாளுமன்ற மேலவையில் இடம் உண்டு. கேன்டர்பரி, யார்க், லண்டன், டர்ஹம், வின்செஸ்டர் ஐந்து பேரும் நிரந்தரம். மற்றவர்களுக்குப் பெரும்பாலும் மூப்பு வரிசைதான். டர்ஹம் பிஷப் ஒரு காலத்தில் தனி நாணயம் அடித்து, தனி நீதிமன்றம் நடத்தி, ஸ்காட்லாந்து எல்லைக்குப் படை திரட்டிய குட்டி ராஜா. 1836-இல்தான் அந்த ராஜ உரிமைகள் போயின.

“அப்போ பெரிய அதிகாரம்தான்.”

அங்கேதான் ஏமாந்து போவோம். மேலவையில் உட்காருகிற அதே பிஷப் தன் எல்லைக்குள் ஒரு கிராமத்துக் குருவை நினைத்தபடி மாற்ற முடியாமல் நூற்றாண்டுக்கணக்காகத் தவித்திருக்கிறார். ஒரு ஊர்க் கோயிலுக்குக் குருவை முன்மொழிகிற உரிமை அந்த ஊர்ப் பிரபு கையில் இருக்கும், அல்லது ஆக்ஸ்போர்டு கல்லூரி ஒன்றின் கையில் இருக்கும். குரு வந்து உட்கார்ந்துவிட்டால் அந்த இடம் அவருக்குக் கிட்டத்தட்டப் பட்டா நிலம். கதீட்ரலில்கூட வீட்டுக்காரர் டீன் என்கிற வேறொரு குருதான். புது பிஷப் பதவியேற்க வருகிற நாளில் கதவைச் சாத்தி வைத்திருப்பார்கள். அவர் தன் கோலால் மூன்று தடவை தட்ட வேண்டும், பிறகுதான் திறப்பார்கள். நாற்காலி அவருடையது, சாவி அவருடையது இல்லை. எனக்கு இந்தச் சடங்கில் ஒரு பிரியம் உண்டு. எந்த அதிகாரியையும் முதல் நாள் வாசலில் கொஞ்ச நேரம் நிற்கவைப்பது நல்லதுதான்.

இரண்டாவது டீ வந்தது. இனி நம் பக்கம்.

சென்னைக் கோட்டைக்குள் இருக்கிற புனித மேரி கோயில் 1680-இல் பிரதிஷ்டை ஆயிற்று. கோயிலைப் பிரதிஷ்டை செய்வது பிஷப்பின் வேலை. லண்டன் பிஷப் கப்பல் ஏறி வருவாரா? எழுத்தில் அதிகாரம் கொடுத்து அனுப்பினார், காரியம் நடந்தது. கடல்தாண்டிய ஊர்களை எல்லாம் லண்டன் பிஷப் கணக்கில் எழுதி வைத்துவிட்டு அப்படியே விட்டிருந்தார்கள். அதன் விளைவு, சென்னையில் ஞானஸ்நானம் பெற்ற ஆங்கிலிக்கன் குழந்தை வளர்ந்தால் அதற்குத் திடப்படுத்தல் கொடுக்க ஆள் கிடையாது. உள்ளூர் ஆள் ஒருவருக்குக் குருப்பட்டம் கொடுக்கவும் ஆள் கிடையாது. இரண்டுக்கும் பிஷப்பின் கை வேண்டும். அமெரிக்காவிலும் இதே கதைதான். குருவாக விரும்புகிற வாலிபன் அட்லாண்டிக்கைத் தாண்டி லண்டன் போய்வர வேண்டியிருந்தது. விடுதலைக்குப் பிறகு சாமுவேல் சீபரி என்பவர் பிஷப் ஆவதற்கு லண்டன் போனபோது, இங்கிலாந்து அரசருக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்காமல் கை வைக்க முடியாது என்று சட்டம் குறுக்கே நின்றது. அவர் ஸ்காட்லாந்துக்குப் போய் 1784-இல் அபர்தீனில் அங்குள்ள பிஷப்மார்களிடம் கை வாங்கி வந்தார்.

தரங்கம்பாடி லுத்தரன்காரர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. அவர்கள் முறையில் குருமார்களே குருவை ஏற்படுத்தலாம். 1733-இலேயே ஆரோன் என்ற தமிழருக்குக் குருப்பட்டம் கொடுத்துவிட்டார்கள். தஞ்சாவூரில் பெயர் பெற்ற ஷ்வார்ட்ஸ் ஐயரும் லுத்தரன்தான். அவருக்குப் பணம் அனுப்பியதோ லண்டனில் இருந்த ஆங்கிலிக்கன் சங்கம். தங்களால் செய்ய முடியாததை அடுத்த வீட்டுக்காரரை வைத்துச் செய்துகொண்டார்கள்.

இந்தியாவுக்கு பிஷப் வர ஏன் இவ்வளவு தாமதம்? கிழக்கிந்தியக் கம்பெனிக்கு வியாபாரம் கெட்டுவிடக் கூடாது என்ற பயம். 1806-இல் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்தபோது பழியில் ஒரு பங்கை மிஷனரிகள் மேல் போட்டார்கள். 1813-இல் கம்பெனியின் சாசனத்தைப் புதுப்பிக்கும்போதுதான் நாடாளுமன்றம் கல்கத்தாவுக்கு ஒரு பிஷப் என்று சட்டத்தில் எழுதியது. சம்பளம் வருஷத்துக்கு 5,000 பவுன், இந்திய வருமானத்திலிருந்து. முதல் ஆள் தாமஸ் மிடில்டன். 1814 மே 8 அன்று லண்டன் லாம்பெத் அரண்மனைச் சிற்றாலயத்தில் சத்தமில்லாமல் கை வைத்தார்கள். அன்றைக்கு நடந்த பிரசங்கத்தைக்கூட அச்சிடவில்லை. இந்தியாவில் யாராவது கோபித்துக்கொள்வார்களோ என்ற நடுக்கம்! அந்த நாற்காலியின் எல்லையைக் கேட்டால் சிரிப்பு வரும். இந்தியா முழுவதும், பிறகு இலங்கை, அப்புறம் கொஞ்ச காலம் ஆஸ்திரேலியாவும்கூட.

மிடில்டனிடம் நாற்காலி இருந்தது, கையும் இருந்தது. ஆனால் அரசர் கொடுத்த ஆணைப் பத்திரத்தில் பிரிட்டிஷ் பிரஜைகளைப் பற்றித்தான் எழுதியிருந்தது. சட்டத்தில் இடமில்லாமல் இந்தியருக்குக் குருப்பட்டம் கொடுக்க மாட்டேன் என்று அவர் கடைசிவரை மறுத்தார். 1822-இல் இறந்தார். மறு வருஷம் நாடாளுமன்றம் அந்தச் சிக்கலை அவிழ்த்தது. அடுத்து வந்த ரெஜினால்ட் ஹீபர் 1824-இல் கல்கத்தாவில் கிறிஸ்தியான் தாவீது என்பவரின் தலையில் கை வைத்தார். ஷ்வார்ட்ஸின் மாணவர், யாழ்ப்பாணத்தில் ஊழியம் செய்த தமிழர். ஆங்கிலிக்கன் பிஷப் கையால் குருப்பட்டம் பெற்ற முதல் இந்தியர் அவர்தான்.

ஹீபர் கவிஞர், பயணி. கல்கத்தாவில் உட்கார்ந்து கோப்பு பார்க்கிற ஆள் இல்லை. வட இந்தியா, பம்பாய், இலங்கை எல்லாம் சுற்றிவிட்டு 1826 ஈஸ்டருக்குத் தஞ்சாவூரில் இருந்தார். சரபோஜி மன்னரைப் பார்த்தார். தமிழ் ஆராதனையில் ஆசீர்வாதத்தைத் தமிழிலேயே சொன்னார். ஏப்ரல் 3-ஆம் தேதி காலையில் திருச்சிக் கோட்டைக் கோயிலில் தமிழ்க் கிறிஸ்தவர்களுக்குத் திடப்படுத்தல் கொடுத்துவிட்டு, வெயில் தாங்காமல் குளிக்கப் போனார். வெகுநேரம் வரவில்லையே என்று பார்த்தால் தண்ணீரில் உயிரில்லை. வயது 42. திருச்சி புனித யோவான் கோயிலுக்குள் அடக்கம். பிஷப் ஹீபர் கல்லூரி இருக்கிறதே, அது இவர் பெயர்தான்.

“நம்ம ஊருக்கு எப்ப வருவீங்க?”

வந்துவிட்டேன். ஆனால் நெல்லைக் கதை பிஷப்பிலிருந்து தொடங்கவில்லை, பிஷப்போடு மோதினவரிலிருந்து தொடங்குகிறது. இரேனியுஸ் ஐயர் பிரஷ்யாக்காரர். லுத்தரன் முறையில் குருப்பட்டம் பெற்றவர். ஆங்கிலிக்கன் சங்கமான சி.எம்.எஸ். அவரை வேலைக்கு எடுத்து அனுப்பியது. 1820-இல் பாளையங்கோட்டைக்கு வந்தார். ஊர் ஊராகச் சபைகள், பள்ளிகள், தமிழ் இலக்கண நூல், வேதாகம மொழிபெயர்ப்பு என்று பதினைந்து வருஷம் ஓயாத உழைப்பு. சபைகள் பெருகின, உபதேசியார்கள் பெருகினார்கள். நற்கருணை கொடுக்கக் குருமார் வேண்டும். அவர்களில் தேறியவர்களுக்கு நாங்களே எங்கள் முறைப்படி குருப்பட்டம் கொடுக்கிறோம் என்றார் இரேனியுஸ். முடியாது, பிஷப் கையால்தான் என்றது சங்கம்.

அவர் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. எபேசு மூப்பர்களைப் பவுல் கண்காணிகள் என்றாரே, அப்புறம் எதற்குத் தனியாக ஒரு மேல்படி என்று கேட்கலாம். சங்கத்தின் பக்கமும் ஒரு தர்க்கம் இருந்தது. ஆங்கிலிக்கன் காசில் நடக்கிற சபை ஆங்கிலிக்கன் சபையாகத்தானே இருக்க வேண்டும்? அவர் சும்மாவும் இருக்கவில்லை. ஆங்கிலிக்கன் சபையின் அமைப்பையே விமர்சித்து எழுதி அச்சிட்டார். 1835-இல் சங்கம் அவரை விலக்கியது. அதே வருஷம்தான் சென்னைக்கு முதல் பிஷப்பாக டேனியல் காரி பொறுப்பேற்றார். நாற்காலி வந்த வருஷம் இரேனியுஸ் போனார் என்று வகுப்பில் சொல்வேன். போனவர் உபதேசியார்கள் கூப்பிட்டுத் திரும்பி வந்தார். சபைகள் இரண்டாகப் பிரிந்தன, குடும்பங்களுக்குள்ளேயே பிளவு. 1838-இல் அவர் இறந்தார். பிரிந்தவர்களில் பெரும்பாலோர் மெல்லத் திரும்பினார்கள்.

பிஷப் கையெழுத்துக்கு எட்டாத இடமும் உண்டு என்று காட்ட இன்னொரு கதை. சபைக்குள் சாதி வேற்றுமை கூடவே கூடாது, உடனே விட வேண்டும் என்று கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் 1833-இல் சுற்றறிக்கை அனுப்பினார். தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் பலர் கோயிலை விட்டே வெளியேறினார்கள். வில்சன் சொன்னது சரி. ஆனால் ஒரே தட்டில் நற்கருணை வாங்க மறுத்தவர்களை ஒரு கடிதம் மாற்றிவிடவில்லை. இன்றைக்கும் கல்லறைத் தோட்டச் சுவர்களைப் பார்த்தால் அந்தச் சுற்றறிக்கை போய்ச் சேராத ஊர்கள் தெரியும்.

கால்டுவெல் வேறு மாதிரி. ஒப்பிலக்கணம் எழுதியவர் என்று உனக்குத் தெரியும். பிஷப் என்பது சிலைக்குக் கீழே எழுதியிருப்பதைப் படித்தால்தான் தெரியும். 1838-இல் அவர் சென்னைக்கு வந்தபோது பிஷப்பே இல்லாத கூட்டத்தைச் சேர்ந்தவர். பிறகுதான் ஆங்கிலிக்கன் ஆனார். இடையன்குடியில் தேரி மணலுக்கு நடுவே அரை நூற்றாண்டு. 1877 மார்ச் 11 அன்று அவரையும் சார்ஜென்ட் ஐயரையும் கல்கத்தாவில் பிஷப்மார்களாக அபிஷேகம் செய்தார்கள். ஒரு ஜில்லாவுக்கு ஒரே நாளில் இரண்டு பிஷப்! காரணம் எளிது. நெல்லைச் சபைகளில் ஒரு பாதி சி.எம்.எஸ்., மறு பாதி எஸ்.பி.ஜி. என்று இரண்டு சங்கங்களின் கீழ் இருந்தன. ஒருவரைப் போட்டால் மற்றவர் முகம் வாடும். சி.எம்.எஸ். பக்கத்துக்கு சார்ஜென்ட், எஸ்.பி.ஜி. பக்கத்துக்கு கால்டுவெல். ஆனால் இருவரும் சென்னை பிஷப்புக்கு உதவி பிஷப்மார்கள்தான். கை கிடைத்தது, நாற்காலி கிடைக்கவில்லை. குருப்பட்டம் கொடுக்கலாம், திடப்படுத்தல் கொடுக்கலாம், எல்லை என்று சொந்தமாக ஒரு அடி மண் கிடையாது. திருநெல்வேலிக்கென்று தனி நாற்காலி 1896-இல்தான் வந்தது, சாமுவேல் மார்லி வந்து உட்கார்ந்தார். இருவரும் அதற்கு முன்பே இறந்துவிட்டார்கள்.

அந்த நாற்காலி இன்று எங்கே இருக்கிறது தெரியுமா? பாளையங்கோட்டை ஊசிக்கோபுரக் கோயிலில். 1826-இல் அதைக் கட்டியவர் இரேனியுஸ்.

தம்பி கொஞ்ச நேரம் பேசவில்லை. மூன்றாவது டீ நான் கேட்காமலே வந்தது.

அடுத்தவர் நம் மண்ணின் ஆள். வேதநாயகம் சாமுவேல் அசரியா, வெள்ளாளன்விளை, 1874-இல் பிறந்தவர். 1912 டிசம்பர் 29, கல்கத்தா புனித பவுல் கதீட்ரல். முதல் இந்திய ஆங்கிலிக்கன் பிஷப். நாற்காலி போட்டது நெல்லையில் இல்லை, நைஜாம் ராஜ்ஜியத்துத் தோர்ணக்கல்லில். தெலுங்கு தேசம். நெல்லைக் கிறிஸ்தவர்கள் 1903-இல் தாங்களே சங்கம் வைத்து, தாங்களே காசு போட்டு அங்கே ஊழியத்தைத் தொடங்கியிருந்தார்கள். இந்தியருக்குக் கீழே வெள்ளைக்காரக் குருமார் வேலை செய்வதா என்று முணுமுணுப்பு இருந்தது. சென்னை பிஷப் வைட்ஹெட் விடாப்பிடியாக நின்று காரியத்தை முடித்தார். அசரியா முப்பத்திரண்டு வருஷம் அந்த நாற்காலியில் இருந்தார். சுற்றுப்பயணமே அவருக்கு அலுவலகம். 1939-இல் பிரதிஷ்டையான தோர்ணக்கல் கதீட்ரலைப் பார்த்தால் மண்டபத்தூணும் மினாரும் ஒரே கட்டடத்தில் நிற்கும். கோத்திக் கோபுரத்தை இறக்குமதி செய்யாத ஆங்கிலிக்கன் கதீட்ரல்.

அதற்குள் சட்டமும் மாறியது. 1927-இல் லண்டனில் சட்டம் போட்டு, 1930 மார்ச் 1 முதல் இந்தியா, பர்மா, இலங்கைச் சபையை இங்கிலாந்துச் சபையிலிருந்து சட்டப்படி பிரித்துவிட்டார்கள். நாற்காலி போடுகிற வேலையில் அரசருக்கு இனிப் பங்கில்லை.

ஆனால் எனக்கு 1947-தான் சுவாரஸ்யம். ஆகஸ்டைச் சொல்லவில்லை. செப்டம்பர் 27, சென்னை புனித ஜார்ஜ் கதீட்ரல். ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரஸ்பிட்டேரியன், காங்கிரகேஷனல் எல்லாரும் சேர்ந்து ஒரே சபை, தென்னிந்தியத் திருச்சபை. அதற்கான பேச்சு தரங்கம்பாடியில் 1919-இல் தொடங்கியது. அசரியா அதில் முன்னால் நின்றவர். பேச்சு இருபத்தெட்டு வருஷம் இழுத்ததற்கு முக்கியமான காரணம் இந்தக் கைதான். பிஷப் இருக்கட்டும் என்று மற்றவர்கள் ஒருவழியாக ஒத்துக்கொண்டார்கள். சரி, இதுவரை பிஷப் கை படாமல் குருவாக இருக்கிறவர்களை என்ன செய்வது? மறுபடி கை வைத்தால், நீ இத்தனை வருஷம் கொடுத்த நற்கருணை பொய் என்று சொன்ன மாதிரி ஆகும். வைக்காவிட்டால் ஆங்கிலிக்கன் சங்கிலி அறுந்த மாதிரி ஆகும். கடைசியில், இருக்கிறவர்கள் இருக்கிறபடி இருக்கட்டும், இனிமேல் வருகிறவர்கள் எல்லாருக்கும் பிஷப் கை என்று முடிவு. இது எங்கேயோ தென்னிந்தியாவில் நடக்கிற விஷயம் என்று இங்கிலாந்துக்காரர்கள் விட்டுவிடவில்லை. கவிஞர் டி. எஸ். எலியட் 1943-இல் இதைத் தாக்கித் தனிப் பிரசுரமே எழுதினார். என் கட்சி எலியட் கட்சி இல்லை. இரேனியுஸைத் துரத்தின கேள்விக்கு நூற்றுப் பன்னிரண்டு வருஷம் கழித்து ஒரு மரியாதையான பதில் கிடைத்ததாகத்தான் நான் நினைக்கிறேன்.

இன்னொரு வேடிக்கையும் அன்றைக்கு நடந்தது. பதினேழாம் நூற்றாண்டில் பிஷப்மார் தொல்லை பொறுக்காமல் இங்கிலாந்தை விட்டு அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறின கூட்டம் உண்டு. அவர்கள் வழிவந்த காங்கிரகேஷனல்காரர்களே பெரும்பாலும் நடத்திய அமெரிக்க மிஷன் 1816-இல் யாழ்ப்பாணத்துக்கும் 1834-இல் மதுரைக்கும் வந்தது. அந்த மிஷனின் பிள்ளைகள் 1947-இல் பிஷப்பை மனமுவந்து ஏற்றுக்கொண்டார்கள். யாழ்ப்பாணத்துக்கு சபாபதி குலேந்திரன் முதல் பேராயர். தமிழ் வேதாகமத்தின் வரலாற்றை எழுதிய அறிஞர் அவர்தான். மதுரை இராமநாதபுரத்துக்கு லெஸ்லி நியூபிகின், பிஷப்பே இல்லாத ஸ்காட்லாந்துப் பிரஸ்பிட்டேரியன் சபைக்காரர், வயது 37. புதுச் சபை தன் பேராயர்களை ஊருக்குச் சொந்தக்காரர் மாதிரி ‘மதுரையின் பிஷப்’ என்று எழுதாமல் ‘மதுரையில் பிஷப்’ என்றே எழுதியது. இங்கிலீஷில் ஒரு சின்னச் சொல் வித்தியாசம்தான், ஆனால் டர்ஹம் ராஜாக்களை நினைத்தால் அது பெரிய இறக்கம்.

“இப்ப என்ன வேலை அண்ணாச்சி அவருக்கு? ஊதாச் சட்டையில கார்ல போறதைத்தான் பார்க்கேன்.”

குருப்பட்டம், திடப்படுத்தல், புதுக் கோயில் பிரதிஷ்டை. இவை அவர் கை மட்டுமே செய்கிற வேலை. சேகரம் சேகரமாகப் போய்ச் சபைகளைப் பார்ப்பது கண்காணி வேலை. அப்புறம் திருமண்டல மன்றத்துக்குத் தலைமை, குருமார் இடமாற்றம், பள்ளி, கல்லூரி, ஆஸ்பத்திரி, நிலம், கட்டடம், வாடகை, வழக்கு. இங்கிலாந்து பிஷப்புக்குக் கிராமத்துக் குருவை மாற்ற முடியவில்லை என்றேனே, இங்கே இடமாற்றப் பட்டியலில் அவர் கையெழுத்து விழுந்தால் ஐயர் வீட்டில் சாமான் கட்ட ஆரம்பித்துவிடுவார்கள். மிஷன் சங்கங்கள் விட்டுப்போன சொத்தும் வேலைவாய்ப்பும் நாற்காலியைச் சுற்றிச் சேர்ந்துவிட்டதால்தான் திருமண்டலத் தேர்தல் வந்தால் பஞ்சாயத்துத் தேர்தல் தோற்றுப்போகிறது. மன்றத்தில் வாக்கெடுத்துச் சில பெயர்களைப் பட்டியலாக அனுப்புவார்கள். அதிலிருந்து ஒருவரைச் சபையின் தலைமை மன்றமான சினாட் தேர்ந்தெடுக்கும். சில இடங்களில் அது நீதிமன்றம் வரைக்கும் போகும். நைசீயாச் சங்கம் மூன்று பிஷப் வேண்டும் என்றுதான் சொன்னது, மூன்று வக்கீல் வேண்டும் என்று சொல்லவில்லை.

ஆனால் ஒன்றில் நம் பக்கம் முந்திக்கொண்டது. நந்தியாலில் புஷ்பலலிதா அம்மா 2013-இல் பேராயர் ஆனார். இங்கிலாந்துச் சபை முதல் பெண் பிஷப்பின் தலையில் கை வைக்க 2015 ஆயிற்று.

கடையில் யாரோ காத்திருக்கிறார்கள் என்று குரல் வந்தது. எழுந்தவன் நின்றான்.

“ரிட்டயர்டு ஆயிட்டா அந்த பிளஸ் போயிருமா அண்ணாச்சி?”

போகாது. கை வைத்தது வைத்ததுதான், அதைத் திரும்ப எடுக்க முடியாது. சாகும்வரை அவர் பிஷப், சிலுவை போட்டே கையெழுத்துப் போடலாம். நாற்காலிதான் போய்விடும். நேற்றுவரை தன் எல்லையாக இருந்த ஊரில் ஒரு பையனுக்குக் குருப்பட்டம் கொடுக்க வேண்டுமானால், புதிதாக வந்தவர் கூப்பிட்டால்தான் உண்டு.

“அப்போ அந்தக் கடுதாசியை மறுபடி பிளஸ்ஸோட எடுத்துக் குடுத்துருதேன்” என்றான். “ஒரு பக்கம்தான், காசு வாங்க வேண்டாம் என்னா?”